நாயைப் பழக்குபவருக்கு யார் பொறுப்பு?

கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில், 2017-ஆம் ஆண்டோடு ஒரு சின்ன அரசு வாரியம் கலைந்துபோனது. அதன் பெயர் ‘பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள் மாநில வாரியம்’. ஏழு உறுப்பினர்கள், மிகச் சில ஊழியர்கள், கண்காணிப்பதற்கு மூன்றே பள்ளிகள். 1948 முதல் எழுபது ஆண்டுகள் நீடித்த இந்த வாரியத்தைப் போல் ஒன்று அமெரிக்காவின் மற்ற 49 மாநிலங்களில் எங்கும் இருந்ததில்லை. அது மூடப்பட்டது பெரிய செய்தியாகவில்லை. ஆனால் பார்வையற்றவர் உயிரை ஒப்படைக்கும் ஒரு நாயை யார் பழக்கலாம், பழக்கியது சரியில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்விகளை இந்த வாரியத்தைப் போல் நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட அரசு அமைப்புகள் குறைவு. அதனால் அதன் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழிகாட்டி நாய்ப் பயிற்சி அமைப்பாகத் தொடங்கியது போரில்தான். முதல் உலகப்போரின்போது நச்சுவாயுவாலும் வெடிகுண்டாலும் கண்ணிழந்த ஜெர்மன் படைவீரர்களுக்காக, கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் முதல் பள்ளியைத் திறந்தார். அடுத்து 1923-இல் போட்ஸ்டாமில் ஒரு பெரிய பள்ளி வந்தது. அங்கே நடந்ததை நேரில் பார்த்தவர், சுவிட்சர்லாந்தில் நாய் வளர்த்துவந்த அமெரிக்கப் பெண்மணி டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ். 1927 நவம்பரில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையை, டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில்லில் மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞருக்கு வாசித்துக் காட்டினார்கள். ஃபிராங்க் பார்வையற்றவர். சுவிட்சர்லாந்துக்குக் கப்பலேறிப் போய், ‘படி’ என்று தான் பெயரிட்ட நாயோடு 1928-இல் திரும்பினார். நியூயார்க்கில் நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் நெரியும் ஒரு சாலையை அந்த நாயோடு கடந்து காட்டினார். ‘தி சீயிங் ஐ’ பள்ளி 1929 ஜனவரியில் நாஷ்வில்லில் பிறந்தது. பின்பு நியூஜெர்சிக்கு இடம்பெயர்ந்தது. இந்த அமெரிக்கக் கதையில் எங்கும் அரசாங்கம் இல்லை. நல்ல எண்ணமும் சொந்தப் பணமும் உள்ள சிலர் தொடங்கினார்கள், நன்றாகவே நடத்தினார்கள்.

இரண்டாம் உலகப்போர் நிலைமையை மாற்றியது. கண்ணிழந்த வீரர்கள் வரத் தொடங்கியதும் 1942-இல் லோயிஸ் மெரிஹியூ, டான் டொனால்ட்சன் இருவரும் கலிஃபோர்னியாவின் லாஸ் கேட்டோஸில் ‘கைட் டாக்ஸ் ஃபார் தி ப்ளைண்ட்’ பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் முதல் நாய்களில் ஒன்றான ப்ளாண்டி, பஸடீனா நகரின் விலங்குக் காப்பகத்திலிருந்து மீட்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்ட். பட்டாளத்துச் சார்ஜென்ட் லெனார்ட் ஃபோக்குடன் அது ஜோடி சேர்ந்தது. 1944-இல், பார்வையிழந்த முன்னாள் படைவீரர்களுக்கு அரசு செலவில் வழிகாட்டி நாய் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்தான். ஆனால் அரசுப் பணமும் பொதுமக்களின் இரக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் யார் யாரெல்லாம் வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஒரு நாயைக் கட்டளைக்கு உட்கார வைக்கத் தெரிந்தவரெல்லாம் ‘பார்வையற்றோருக்கான நாய்ப் பள்ளி’ என்று பலகை மாட்டி நன்கொடை வசூலித்தார்கள். கலிஃபோர்னியாவில் இது அளவுமீறிப் போனது. 1947-இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு, உரிமம் இல்லாமல் வழிகாட்டி நாயை விற்பதும் கொடுப்பதும் பழக்குவதும் குற்றம் என்று சட்டம் கொண்டுவந்தது. வாரியம் பிறந்தது இப்படித்தான்.

இந்தத் துறையில் ஏமாற்றுவது ஏன் எளிது என்பதற்கு, ஒரு சாலையைக் கடக்கும் காரியத்தைப் பார்த்தாலே போதும். நாய் சிக்னலைப் படித்து ஆளைக் கூட்டிப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நடைபாதையின் விளிம்பில் நாய் நிற்கிறது. பார்வையற்றவர் காலால் விளிம்பைத் தொட்டு உறுதி செய்துகொண்டு, வண்டிகளின் இரைச்சலைக் காதால் கவனிக்கிறார். தன் பக்கத்துச் சாலையில் வண்டிகள் கிளம்பும் ஓசை கேட்டதும் ‘முன்னே’ என்று கட்டளை கொடுக்கிறார். முடிவு அவருடையது. அந்த நேரம் ஒரு கார் சத்தமில்லாமல் வளைந்து வந்தால் நாய் கட்டளையை மீறி நின்றுவிட வேண்டும், தேவைப்பட்டால் பின்னே இழுக்கவும் வேண்டும். அதன் முதுகில் பூட்டிய வாரிலிருந்து எழும் விறைப்பான கைப்பிடி வழியே அந்த அசைவு ஆளின் இடது கைக்குப் போய்ச் சேருகிறது. சொன்னதைச் செய்யப் பழக்குவது சில வார வேலை. எப்போது சொன்னதைச் செய்யக் கூடாது என்று பழக்குவதற்குத்தான் மாதக்கணக்காகிறது, அதற்குத்தான் தேர்ந்த கை வேண்டும். அரைகுறையாகப் பழக்கிய நாய் வீட்டு வாசலிலும் பூங்காவிலும் பிரமாதமாக நடக்கும். அதன் குறை வெளிப்படும் முதல் இடம் நடுச்சாலையாக இருக்கலாம். வாங்கும் பொருளைப் பார்த்துச் சரிபார்க்கும் வழி இந்த வாடிக்கையாளருக்கு இல்லை. அரசின் கண் இங்கே தேவைப்படுவதற்கு இதைவிடப் பலமான காரணம் வேண்டுமா?

வாரியம் இரண்டு பக்கமும் பார்த்தது. பயிற்றுநராக உரிமம் பெற வேண்டுமானால் ஏற்கப்பட்ட பள்ளி ஒன்றில் மூன்றாண்டு உதவியாளராக வேலை கற்றிருக்க வேண்டும். பார்வையற்றோரின் தனிச் சிக்கல்கள் தெரிந்திருக்க வேண்டும். பலவகைப் போக்குவரத்து நெரிசலிலும் பார்வையற்றவர் நம்பி நடக்கக்கூடிய நாயைத் தன்னால் பழக்க முடியும் என்று தேர்வில் காட்ட வேண்டும். பள்ளிக்கும் தனி உரிமம் உண்டு. நன்கொடைப் பணம் எங்கே போகிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். வாரியத்தின் செலவுக்கு மக்களின் வரிப்பணத்தைத் தொடவில்லை. உரிமம் பெற்றவர்களின் கட்டணத்திலேயே அது ஓடியது. பள்ளியின் ஆண்டுச் செலவில் மிகச் சிறு பங்கே புதுப்பிப்புக் கட்டணம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாரியத்தில் வழிகாட்டி நாயோடு நடக்கும் பார்வையற்றவர்கள் இருவருக்காவது இடம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொன்னது. பயிற்றுநருக்கு உரிமம் கொடுக்கும் மேசையில், நாயின் கைப்பிடியைத் தினமும் பிடிப்பவரும் அமர்ந்திருந்தார்.

அப்படி உரிமம் பெற்று நின்ற மூன்று பள்ளிகளில் ஒன்றின் பிறப்பு தனிக்கதை. ஜோசஃப் ஜோன்ஸ் என்ற ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளிக்குப் பார்வை போனது. நாய் கேட்டுப் போனபோது, வயதாகிவிட்டது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் நேராகத் தன் தொழிற்சங்கத்திடம் போனார். சர்வதேச இயந்திரத் தொழிலாளர் சங்கம் 1948-இல் புதிதாக ஒரு பள்ளியையே தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் சில்மார் பகுதியில் இருக்கும் ‘கைட் டாக்ஸ் ஆஃப் அமெரிக்கா’ அதுதான். யாருக்கு நாய் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பது முழுக்கப் பள்ளியின் கையில் இருக்கிறது என்பதை இந்தக் கதை காட்டுகிறது. வாரியம் இருந்த காலத்திலும் அந்த அதிகாரத்தை அது தொடவில்லை.

அது தொட்டது வேறொரு இடத்தை: நாய் யாருடையது?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். நாயோடு ஊர் திரும்பி, அதற்குச் சோறு போட்டு, அதோடு வேலைக்குப் போய்வந்து, அது கிழடாகும்வரை வைத்திருப்பவர்தானே அதன் சொந்தக்காரர்? பல பள்ளிகளில் அப்படி இல்லை. நாயைப் பெறும் நாளில் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், நாய் பள்ளியின் சொத்தாகவே தொடரும் என்று எழுதியிருக்கும். சரியாகப் பராமரிக்கவில்லை, எடை கூடிவிட்டது, அடித்ததாகப் புகார் வந்திருக்கிறது என்று பள்ளி கருதினால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். புகார் உண்மையாக இருந்தால் அந்த அதிகாரம் நாயைக் காப்பாற்றும். பொய்யாக இருந்தால், ஒருவருடைய நடமாட்டம், வேலை, துணை எல்லாம் ஒரே நாளில் பறிபோய்விடும். கலிஃபோர்னியாச் சட்டம் நடுவழி ஒன்றை வகுத்தது. முதல் ஓராண்டு நாய் பள்ளிக்குச் சொந்தம். அந்தச் சோதனைக் காலத்தைக் குறையில்லாமல் முடித்தால், சில நிபந்தனைகளோடு உரிமை பயனருக்கு மாறும்.

தகராறு வந்தால் தீர்க்க மூவர் நடுவர் குழு ஒன்றையும் சோதனைத் திட்டமாக அந்தச் சட்டம் ஏற்படுத்தியது. பயனர் ஒருவரை நியமிப்பார், பள்ளி ஒருவரை நியமிக்கும், வாரியத்தின் பிரதிநிதி தலைமை வகிப்பார். தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும். தீர்ப்பு வரும்வரை நாய் பயனரிடமே இருக்கும். நாய்க்கோ ஆளுக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் பள்ளி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயனரின் சம்மதம் இல்லாமல் எடுத்தால், ஏன் எடுத்தோம் என்பதற்கான ஆதாரத்தை ஐந்து நாளுக்குள் வாரியத்திடம் கொடுத்தாக வேண்டும். நடுவர் குழுவுக்குக் கட்டுப்படாத பள்ளிக்கு நாளொன்றுக்கு 250 டாலர் அபராதம். வாரியத்தின் எழுபது ஆண்டு வேலையில் சிறந்தது எது என்று கேட்டால், உரிமத் தேர்வைவிட இந்தச் சில பத்திகளைத்தான் சொல்ல வேண்டும். பெரிய பள்ளி, தனியொரு பார்வையற்றவர் என்ற ஏற்றத்தாழ்வை அவை ஒரு மேசைக்கு முன் சமமாக்கின.

அப்படியிருந்தும் வாரியம் நிலைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் வாரியங்களுக்கு ஆயுட்காலம் குறித்துவிட்டு, காலம் முடியும்போது ‘இது இன்னும் தேவையா’ என்று சட்டமன்றக் குழுக்கள் விசாரிப்பது வழக்கம். ஒவ்வொரு விசாரணையிலும் இந்த வாரியத்தின் மீது கேட்கப்பட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். மற்ற மாநிலங்களில் உரிமமே இல்லை, அங்கே பார்வையற்றவர்கள் அதனால் ஆபத்துக்கு ஆளானதாகத் தெரியவில்லையே? மூன்றே பள்ளிகளுக்கு ஒரு வாரியமா? வரும் புகார்கள் சொற்பம்தானே? இன்னொரு குறை பயனர்களிடமிருந்தே வந்தது. நியூஜெர்சியிலோ நியூயார்க்கிலோ நாய் பெற்றுக் கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு வீடு மாறும்போதோ நாயிடம் ஏதாவது பழக்கம் கெடும்போதோ, அந்தப் பள்ளியின் பயிற்றுநர் நேரில் வந்து திருத்திக்கொடுக்க வேண்டியிருக்கும். மாநில உரிமம் இல்லாத அவர் வந்து வேலை செய்வதில் சட்டச் சிக்கல் எழுந்தது. காப்பதற்காகப் போட்ட வேலி உதவிக்கு வருபவரையும் தடுத்தது. பார்வையற்றோர் அமைப்புகளிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. வாரியம் வேண்டும் என்றவர்களும் உண்டு, எங்களைக் குழந்தைகளாக நடத்துகிறது என்றவர்களும் உண்டு. 2018 ஜனவரியிலிருந்து வாரியம் இல்லை.

வாரியம் போனாலும் சட்டம் அடியோடு போகவில்லை. பயிற்றுநருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை மாநிலச் சட்டம் இன்றும் சொல்கிறது. ஆனால் மாநில உரிமம் இருந்த இடத்தில், சர்வதேச வழிகாட்டி நாய்கள் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை வந்திருக்கிறது. 1989-இல் உருவாகி இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் இந்தக் கூட்டமைப்பில் உலகெங்கும் 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் உறுப்பினர்கள். நாய்களின் இனவிருத்தி, நலம், பயிற்றுநர் கல்வி, பயனரைத் தேர்ந்தெடுக்கும் முறை என்று எல்லாவற்றுக்கும் தரங்கள் வகுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்க்கிறது. அந்த மதிப்பீட்டாளர் பெரும்பாலும் இன்னொரு பள்ளியில் இதே தொழிலைச் செய்பவர். அதனால் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. நாய் விளிம்பில் நிற்கும் கோணத்தைப் பார்த்தே பயிற்சியின் தரத்தைச் சொல்லிவிடுவார். தொழில்நுட்பக் கண்காணிப்பு என்ற அளவில், சாக்ரமென்டோவின் சிறு அலுவலகத்தைவிட இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. ஒரு பள்ளி ஒருவரிடமிருந்து நாயைப் பறித்தது நியாயமா என்று விசாரித்து, ‘திருப்பிக் கொடு’ என்று உத்தரவிடும் அதிகாரம் அதற்கில்லை. வாரியம் மறைந்தபோது தலைமை வகிக்க ஆளில்லாமல் நடுவர் குழுவும் மறைந்தது. உரிமத் தேர்வுக்கு மாற்று கிடைத்தது, நடுவர் குழுவுக்குக் கிடைக்கவில்லை. வாரியத்தின் முடிவைப் பற்றிய விவாதங்களில் இந்த வேறுபாடு போதுமான அளவு பேசப்படவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான ஆதங்கம்.

இன்னொரு விளைவும் கவனிக்கத்தக்கது. பள்ளியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை அரசு கேட்காமல் விட்டால், அந்தக் கேள்வி கடைசியில் கைப்பிடியைப் பிடித்திருப்பவரிடம் வந்து நிற்கிறது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, உதவி நாய்க்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. கடைக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: இது ஊனத்தின் காரணமாகத் தேவைப்படும் உதவி நாயா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது? இதுபோன்ற தாராளத்தைப் பயன்படுத்திக்கொண்டு, செல்ல நாய்க்கு இணையத்தில் ஒரு மேலங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் பெருகினார்கள். பயிற்சி நாய் என்று விற்றவர்களும் பெருகினார்கள். விர்ஜினியா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் 2018-இல் தொடுத்த ஒரு வழக்கில், நீரிழிவு நோயாளிகளை எச்சரிக்கும் நாய் என்று சொல்லி 27,000 டாலர் வரை வாங்கிக்கொண்டு, பயிற்சியே இல்லாத குட்டிகளைக் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டது. 1947-இல் கலிஃபோர்னியா கண்டதை வேறொரு வகை நாயின் பெயரில் விர்ஜினியா கண்டது. இதற்கெல்லாம் தீர்வாக 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விமானப் போக்குவரத்து விதி, நாயின் பயிற்சி, நலம், நடத்தை பற்றிப் பயணி உறுதியளிக்கும் படிவத்தை, 48 மணி நேரம் முன்பே கேட்கவும் விமான நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. மோசடி செய்தவர் வேறொருவர். படிவம் நிரப்புபவர், முப்பது ஆண்டுகளாக வழிகாட்டி நாயோடு பறந்துவந்த பார்வையற்றவர்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2016-இல் நடைமுறைப்படுத்திய சட்டம் இதைவிட நன்றாக யோசித்துச் செய்தது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்ற ஜோடிக்கு அரசு அடையாள அட்டை கொடுக்கிறது. அப்படிப் பயிலாதவர்கள் ஒரு பொதுத் தேர்வில் தேற வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்றுநர்களையும் பயிற்சி நிறுவனங்களையும் அரசே ஏற்பளிக்கும் முறையை வைத்திருக்கிறது. பிரான்ஸில் பள்ளிகளுக்கு முத்திரை வழங்குவது அரசு நிர்வாகம். பிரிட்டனில், 1931-இல் வாலஸியில் நான்கு நாய்களோடு தொடங்கிய முயற்சி நாட்டின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்துவிட்டது. அங்கே அரசின் மேற்பார்வை தொண்டு நிறுவன ஆணையத்தின் வழியேதான். அது கணக்கையும் நிர்வாகத்தையும் பார்க்கும், நாயைப் பார்க்காது. கனடா முழுவதற்குமாக உதவி நாய்த் தரம் ஒன்றைக் கொண்டுவர நடந்த முயற்சி, பயனர்களும் பள்ளிகளும் கடுமையாக எதிர்த்ததால் 2018-இல் கைவிடப்பட்டது. ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஜோடிகளை மறுபடி தேர்வுக்கு இழுப்பார்களோ என்ற பயம் அந்த எதிர்ப்பில் பலமாக இருந்தது.

அரசின் கை மிக அழுத்தமாக விழுந்திருப்பது ஜப்பானில். அங்கே முதல் வழிகாட்டி நாயான சாம்பி, 1957-இல் பார்வையற்ற ஆசிரியர் ஒருவருக்காகப் பழக்கப்பட்டது. பழக்கியவர் ஷியோயா கெனிச்சி என்ற தனிமனிதர், பெரும்பாலும் தன் சொந்த முயற்சியால். 1978-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது வழிகாட்டி நாய் சட்டத்துக்குள் வந்தது: பார்வையற்றவர் சாலையில் நடக்கும்போது வெள்ளைக் கோல் வைத்திருக்க வேண்டும், அல்லது வழிகாட்டி நாயோடு போக வேண்டும். எல்லா நாயும் வழிகாட்டி நாய் ஆகிவிடாது. தேசியப் பொதுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது காவல்துறைக்கு மேலே இருக்கும் அமைப்பு, குறிப்பிட்டு ஏற்ற நிறுவனம் பழக்கியதாக இருக்க வேண்டும். இந்த ஏற்புக்கு 1992-இல் தனி விதிகள் வகுத்தார்கள். இப்போது அந்தப் பட்டியலில் இருப்பவை 11 நிறுவனங்கள். நாயின் உடலில் பூட்டும் வார் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்க வேண்டும் என்பதுகூட விதி. வண்டி ஓட்டுபவர் தூரத்திலிருந்தே பார்த்து வேகம் குறைக்க வேண்டுமே. 2002-இல் வந்த உதவி நாய்கள் சட்டம், அப்படி ஏற்கப்பட்ட நாயைப் பேருந்தும் ரயிலும் கடைகளும் உணவகங்களும் தடுக்கக் கூடாது என்றது.

ஜப்பானின் முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. பள்ளியை முதலில் சோதித்துவிட்டு, அந்தச் சோதனையின் பலனைப் பயனருக்கு உரிமையாக மாற்றிக் கொடுக்கிறது. விலையும் உண்டு. ஏற்பு பெற்ற நிறுவனங்களுக்கு வெளியே யாரும் புதிதாக முயல்வது கடினம். நாடு முழுவதும் வேலை செய்யும் வழிகாட்டி நாய்கள் ஆயிரத்துக்கும் குறைவு. உணவகங்களில் அனுமதி மறுக்கப்படும் புகார்களும் ஓய்ந்தபாடில்லை. சட்டம் பள்ளியை அடக்கிய அளவுக்குக் கடைக்காரரை அடக்கவில்லை.

உரிமைக் கேள்வியில் ‘தி சீயிங் ஐ’ பள்ளிக்குத் தனி வழி உண்டு. பயிற்சி முடித்துக் கிளம்பும்போதே நாய் பயனருக்குச் சொந்தமாகிறது. 1930-களிலிருந்து கட்டணம் மாறவே இல்லை: முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலர், படைவீரருக்கு ஒரு டாலர். ஒரு நாயை வளர்த்துப் பழக்கிக் கொடுக்கப் பல்லாயிரம் டாலர் செலவாகும் இடத்தில் இந்தத் தொகை கணக்குக்கே வராது. ஆனால் பணம் கொடுத்து வாங்கினேன் என்று பயனர் சொல்லிக்கொள்ளலாம். தானமாகப் பெற்றவராகத் தலைகுனிய வேண்டாம். எந்த அரசும் வற்புறுத்தாமல் ஒரு பள்ளி தானே செய்தது இது. எல்லாப் பள்ளிகளும் அப்படிச் செய்யும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

கலிஃபோர்னியா இழந்த நடுவர் குழுவை மறுபடி அமைக்க வாரியத்தை உயிர்ப்பிக்க வேண்டியதில்லை. பார்வையற்றோருக்கு வேலைப்பயிற்சியும் கருவிகளும் தரும் மறுவாழ்வுத் துறை அந்த மாநிலத்தில் இருக்கிறது. அதன் இயக்குநரோ அவரது பிரதிநிதியோ பழைய வாரியத்திலும் உறுப்பினராக இருந்தவர். பயனர் சார்பில் ஒருவர், பள்ளி சார்பில் ஒருவர், துறையின் சார்பில் ஒருவர் என்று தகராறு வரும்போது மட்டும் கூடினால் போதும். நிரந்தர ஊழியர்கூட வேண்டாம். நாய் தீர்ப்புவரை பயனரிடமே இருக்க வேண்டும், எடுத்தால் ஐந்து நாளில் காரணம் சொல்ல வேண்டும் என்ற பழைய வாசகங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உரிமச் சட்டமே இல்லாத மற்ற மாநிலங்களும், அங்கீகாரத்தை மட்டும் நம்பியிருக்கும் நாடுகளும்கூட அந்த இரண்டு விதிகளிலிருந்து தொடங்கலாம்.